லியோன் அண்ணனின் கைக்கு ஒரு பெட்டி

ஸ்ரீஜா என்னிடம் கேட்டது ஒரு சர்க்யூட் படம் மட்டும்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அவள். போன வாரம் போனில் கூப்பிட்டாள். "சேச்சி, கிட்டாருக்குப் பழைய வால்வு ஆம்பு மாதிரி சத்தம் வேணும்னு ஒரு ஆள் வந்திருக்கார். போன்ல ஒரு ஆப் போட்டாப் போதும், நூறு ஆம்போட சத்தம் கிட்டும்னு சொல்லிப் பார்த்தேன். அது வேண்டாமாம். சேச்சி பண்டு விழிஞ்ஞத்துக்காரர் ஒருத்தருக்கு டிரான்சிஸ்டர்ல ஒரு பூஸ்டர் செஞ்சு கொடுத்தீங்கல்ல, அதுக்க படம் இருக்கா?"

படம் இருந்தது. ஒரே பக்கம். இரண்டு டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், முதல் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பைச் சிவப்பு மையால் அடித்து வேறொன்று எழுதியிருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்று எங்கும் குறிப்பு இல்லை. அன்று சாயங்காலமே ஸ்ரீஜா அதைக் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வலியசாலையில் வளர்ந்தவள். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. என்னையும் ஏதாவது ஒரு பாங்கில் உட்கார வைத்துவிட ஆசைப்பட்டார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். படித்ததில் பாதியை, பழவங்காடி பக்கம் ஒரு மாடியில் இருந்த சர்வீஸ் கடையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மறக்க வேண்டியதாயிற்று. ஆம்பு என்று நாங்கள் சொல்கிற ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், கீபோர்டு, மைக் என்று சத்தம் போடுகிற எதையும் அங்கே ரிப்பேர் செய்வோம். கடை குரியன் சாருடையது.

குரியன் சார் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. என்னிடம் அவர் பேசுவது பாதித் தமிழ், பாதி மலையாளம். தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை நகர மாட்டார். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். அந்தக் கேள்விகள் ஒன்றுகூட மறக்கவில்லை.

கண்ணாடிக் குழல்களால் ஓடுகிற வால்வு ஆம்பைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட் வரை தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் வயர் பற்றவைத்து, அதன் வழியாக அதை மெதுவாக இறக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறக்கிய பிறகும் தானாகக் கொஞ்சம் ஏறும். இத்தனையும் வலது கையால் மட்டும். இடது கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். ஷாக் அடித்தால் ஒரு கையோடு போகட்டும், நெஞ்சைத் தாண்டி மறு கைக்குப் போகக் கூடாது என்று கணக்கு. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த எல்லாரும் பேண்ட் போட்ட ஆண்கள். நான் சுடிதாரில் போய் நின்றேன்.

"பகவதி, இடத்தே கை எவிட வைக்கும்?" என்று கேட்டார். சுடிதாரில் பாக்கெட் இல்லை. அடுத்த திங்கட்கிழமை என் மேசையில் ஒரு நீலக் கோட்டு இருந்தது. இடது பக்கம் மட்டும் ஆழமாக ஒரு பாக்கெட். அவருடைய மனைவி தைத்தது.

இன்னொரு பழக்கம், ஜாப் கார்டு. ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. அதில் வாடிக்கையாளர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'அவுட்புட் ஸ்டேஜ் பழுது' என்று நான் ஒருமுறை எழுதியதைப் பார்த்து, "இது அவர் பறஞ்சதோ, நீ பறஞ்சதோ?" என்று கேட்டார். அவர் சொன்னது, 'பாதிப் பாட்டில் தொண்டை கட்டுகிறது.' அடித்துவிட்டு அதையே எழுதினேன்.

கரமனையிலிருந்து ஒரு கீபோர்டு மூன்று தடவை வந்தது. அந்த வீட்டில் போட்டால் இரைச்சல், எங்கள் கடையில் போட்டால் சுத்தம். மூன்றாவது தடவை குரியன் சார், "நீ அது அவிட போயி கேட்டோ?" என்று கேட்டார். போனேன். வீட்டு எர்த் வயரை எலி கடித்திருந்தது. கருவியை அது வேலை செய்கிற இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்று அன்று படித்தேன். படித்ததாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்வதே சரி. பின்னால் நான் செய்த பெரிய தப்பு அதில்தான்.

விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலை ஒரு அம்மாள் ஆட்டோவில் ஒரு வால்வு ஆம்பைக் கொண்டுவந்தாள். ஆட்டோ டிரைவரும் டீக்கடைக்காரரும் சேர்ந்து அதை மாடிக்குத் தூக்கினார்கள். அம்மாளின் பெயர் பிலோமினா. நான் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, "ஆம்புக்கு என்ன பிரச்சினை, அக்கா?" என்று கேட்டேன்.

"ஆம்புக்கு என்னன்னு எனக்கு அறியாது மோளே. எங்க ஆளு வாசிக்கிறதில்ல. அதான் பிரச்சினை."

அட்டையில் 'வாசிப்பதில்லை' என்று எழுதினேன்.

அவளுடைய ஆள் லியோன். கன்னியாகுமரிக் கரையில் பிறந்து, விழிஞ்ஞத்தில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். பகலில் ஐஸ் பிளாண்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார், கல்யாண சீசனில் ஒரு பேண்டோடு. முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயின. கால் ஓரளவு திரும்பியது. கையில் விரல்கள் அசையும், பலம் இல்லை. கம்பியை மீட்டுகிற பிளெக்ட்ரம் துண்டைப் பிடித்தால் நழுவுகிறது, பெருவிரலால் மட்டும் கம்பியைத் தடவலாம். இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாராம். விற்றுவிடு என்றாராம்.

"இந்த ஆம்பு நல்லா இருந்தா ஒருவேள எடுப்பாரோன்னு தோணிச்சு. அவருக்கிட்ட சொல்லல்ல," என்றாள் பிலோமினா.

திறந்து பார்த்தேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. வால்வு மூன்று செத்திருந்தன. எல்லாவற்றையும் தேடிப்பிடித்துப் போட்டாலும், இருபத்தைந்து கிலோ ஆம்பை அந்த வீட்டில் யார் தூக்குவது? அவரிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்பு இருந்தது, ஒரு கையால் தூக்கலாம். ஆனால் அதன் சத்தம் வேறு.

என்ன வேறு என்று சொல்ல வேண்டும். வால்வு ஆம்பில் மெதுவாக வாசித்தால் சத்தம் தெளிவாக வரும். அடித்து வாசித்தால் அதே சுரம் கொஞ்சம் கரகரத்து, தடித்து, நீண்டு நிற்கும். வாசிக்கிறவனின் கைப்பலத்துக்குத் தக்கபடி குரல் மாறும். சாதாரண டிரான்சிஸ்டர், சத்தம் அளவு மீறினால் அலையின் தலையைக் கத்தியால் வெட்டின மாதிரி வெட்டும். வால்வு வெட்டாது, அலையின் தோளை மெல்ல வளைக்கும். அதுவும் அலையின் மேல், கீழ் என்ற இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத் தோளை முதலில். டிரான்சிஸ்டர்களில் ஃபெட் என்று ஒரு வகை உண்டு. அது கிட்டத்தட்ட வால்வு மாதிரியே நடந்துகொள்ளும். இரண்டு ஃபெட்டை வரிசையாக வைத்து, காலடியில் வைக்கிற பெடலாக, சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு பூஸ்டர் செய்து, கிட்டாருக்கும் சின்ன ஆம்புக்கும் நடுவில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. குரியன் சாரிடம் சொன்னேன். "செய்யூ," என்றார்.

மூன்று வாரத்தில் பெட்டி தயார். சத்தம் பிரமாதம். அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு வந்துபோகிற கல்யாண பேண்டுப் பையன்கள் எல்லாரும் வாசித்துப் பார்த்து, எனக்கொன்று, எனக்கொன்று என்றார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. பிலோமினாவிடம் சொல்லி லியோன் அண்ணனைக் கடைக்கே வரச் சொன்னேன்.

வந்தார். மாடிப்படி ஏற அவருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஸ்டூலில் உட்கார வைத்துக் கிட்டாரை மடியில் வைத்தோம். பெருவிரலால் கம்பியைத் தொட்டார். சத்தம் வந்தது, பெரிதாகவே வந்தது. ஆனால் ஒரே மாதிரி, மொட்டையாக. நான்கைந்து தடவை தொட்டார். பிறகு கையைக் கம்பியிலிருந்து விலக்கிக்கொண்டார்.

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுகிற அவசரத்தில், பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம், "நீ கொஞ்சம் வாசிச்சுக் காட்டு," என்றேன். அவன் அதே கிட்டாரை வாங்கி, அதே பெட்டியில், முழுக் கையையும் வீசி வாசித்தான். பெட்டி பாடியது. கடையில் இருந்த நாலைந்து பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

லியோன் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நல்ல பெட்டி தங்கச்சி," என்றார். "கையுள்ளவனுக்க பெட்டி."

பிலோமினா கிட்டாரை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினாள். படியில் அவர் கால் வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் முடியும்வரை நான் மேசையை விட்டு நகரவில்லை.

குரியன் சார் எல்லாவற்றையும் தன் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பகவதி, இது ஆருடெ கை வச்சு செட் பண்ணி?"

கிட்டாருக்குப் பதிலாகச் சோதனை அலை கொடுக்கிற, கடையிலிருந்த சிக்னல் ஜெனரேட்டரை வைத்து செட் செய்தேன். பிறகு வந்துபோன பையன்களின் கையை வைத்துச் சரி பார்த்தேன். யாருக்காகச் செய்தேனோ அந்தக் கையை நான் ஒரு தடவைகூட அளக்கவில்லை.

"அவருக்க கை வைக்கல்ல, சார்," என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு விழிஞ்ஞம் போனேன். மின்சார அலையைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவி அது. பழைய மாடல், நல்ல கனம். படுக்கை விரிப்பில் சுற்றி, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், "டிவி ஆணோ சேச்சி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

லியோன் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. பிலோமினா உள்ளே கூப்பிட்டுக் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள். மகளுடைய கைக்குழந்தை தொட்டிலில் கிடந்தது. நான் சாயாவைக் குடித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நேத்து நான் செஞ்சது தப்பு. அந்தப் பையனை வாசிக்கச் சொல்லியிருக்கக் கூடாது."

"அவன் நல்லா வாசிச்சான்."

"ஒரு பத்து நிமிஷம் கிட்டாரை எடுக்கணும். அளந்துட்டுப் போயிருதேன்."

"எதை அளக்கப் போற? எனக்க கையையா?"

"கம்பியில இருந்து வருத கரண்டை."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "பிலோமி, அதை எடு," என்றார்.

கட்டிலுக்கடியிலிருந்து கிட்டார் வந்தது. ஆம்பு போடவில்லை. கிட்டார் வயரை ஸ்கோப்பில் மட்டும் கொடுத்தேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். "சாதாரணமா தொடுங்க," என்றேன். தொட்டார். பதினைந்து மில்லிவோல்ட். கடையில் அந்தப் பையன் மெதுவாகத் தொட்டாலே நாற்பது வரும், அடித்தால் முந்நூறு. என் பெட்டியில் குரல் மாறத் தொடங்குவது நூற்றைம்பதில். அந்த இடத்தை இவர் கை எந்தக் காலத்திலும் தொடாது.

"இப்போ பலமா அடியுங்க."

"இதுதான் பலம். எப்படி அடிச்சாலும் இதுதான். கேக்குதில்லா? எல்லாம் ஒண்ணுபோல."

"நீங்க கோயில் திருநாளுக்கு எப்படி அடிப்பீங்களோ அப்படி."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பெருவிரலை இழுத்தார். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. திரையில் கோடு எழுந்தது. நாற்பத்தைந்து, ஐம்பது.

"அண்ணே, இன்னொரு தடவை."

மறுபடி ஐம்பது. மெதுவாகத் தொடச் சொன்னேன், பதினைந்து. நான் எழுந்து ஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "நீங்களே பாருங்க."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தொட்டார். சின்ன அலை. பலமாக இழுத்தார். அலை மூன்று மடங்கு உயர்ந்தது. கையை எடுத்துவிட்டார். கொஞ்சம் கழித்து நடுத்தரமாக ஒன்று. அலை நடுவில் வந்து நின்றது. பிறகு மெதுவாக, பலமாக, மெதுவாக, மெதுவாக, பலமாக என்று ஒரு தாளத்தில் வாசிக்க ஆரம்பித்தார். சத்தம் ஏறக்குறைய இல்லை. அவர் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலோமி," என்று கூப்பிட்டார். "இங்க வா. இதைப் பாரு. நான் அடிக்கதுல வித்தியாசம் இருக்கு."

அவள் வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "உண்டு," என்றாள். "நல்லோணம் உண்டு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நோட்டில் எண்களை எழுதினேன். பத்து நிமிஷம் என்று சொன்னது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஸ்ரீஜா கேட்ட சிவப்பு மை அந்த நோட்டிலிருந்து வந்தது. பதினைந்திலிருந்து ஐம்பதுக்குள் இருக்கிற அந்தக் கையின் உலகத்தை, பெட்டி முழு உலகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்தில் தோள் வளையத் தொடங்க வேண்டும், ஐம்பதில் பாட வேண்டும். அந்த ரெசிஸ்டரை மாற்றி, முதல் கட்டத்தின் பெருக்கத்தை நான்கு மடங்குக்கு மேல் ஏற்றினேன். ஏற்றியதும் இரைச்சலும் கூடவே ஏறியது, மழை பெய்கிற மாதிரி. ஃபெட்டுகள் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்தாலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நாற்பது ஃபெட்டை வாங்கி, ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் மாட்டி, ஹெட்போன் வைத்துக் கேட்டேன். இரைச்சல் குறைந்தவை ஆறு தேறின. அந்த ஆறில் இரண்டை எடுத்துப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் திருகு ரெசிஸ்டர். அதைத் திருகி, ஃபெட்டின் தலையில் வோல்ட் எவ்வளவு நிற்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். ஒன்பது வோல்ட்டில் சரிபாதியில் நிறுத்தினால் இரண்டு தோளும் ஒன்றாக வளையும். இரண்டாவது ஃபெட்டை ஐந்தரையில் நிறுத்தினேன், ஒரு தோள் முந்தட்டும் என்று. வெளி இரைச்சலைத் தடுக்கத் தகரப் பெட்டி போதாதென்று கனமான அலுமினியப் பெட்டி போட்டேன். சோதனைக்கு யாரையும் வாசிக்க விடவில்லை. பதினைந்து, முப்பத்தைந்து, ஐம்பது என்று ஜெனரேட்டரில் வைத்துத்தான் பார்த்தேன். முன்பு வாசித்துப் பார்த்த பையன்களில் ஒருவன் எடுத்து வாசிக்கப் போனான். "தொடாதே. உன் கைக்கு இது ஆகாது," என்றேன். நிஜமாகவே ஆகாது, அவன் வாசித்தால் எல்லாம் உடைந்து கொழகொழவென்று வந்திருக்கும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி விழிஞ்ஞம் போனபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். லியோன் அண்ணன் சட்டை மாற்றி, தலை சீவி உட்கார்ந்திருந்தார். சின்ன ஆம்பு கூடத்தில் தயாராக இருந்தது. வயர்களை மாட்டினேன். பிலோமினா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக ஒரு கம்பியைத் தொட்டார். தெளிவாக, மணி மாதிரி வந்தது. அப்படியே கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு திருநாளுக்கு அடிக்கிற மாதிரி இழுத்தார். சுரம் தடித்து, தொண்டை திறந்து, கரகரத்து எழுந்து அப்படியே நின்றது. அவர் இடது கைவிரலைக் கம்பியில் வைத்து அசைக்க, அது அழுதுகொண்டே இறங்கியது. அவர் அதையே மூன்று தடவை வாசித்தார், நடந்தது நிஜமா என்று பார்க்கிறவர் மாதிரி. நான்காவது தடவை ஒரு பாட்டுக்குள் போய்விட்டார்.

பாட்டு பாதியில் தொட்டில் அசைந்தது. அடுக்களையிலிருந்து பிலோமினா கத்தினாள்: "மனுஷா, ஒச்சையக் கொறை! குஞ்ஞு உறங்குது!"

லியோன் அண்ணன் குறைக்கவில்லை. "உறங்கினது போதும், எழும்பட்டும்!" என்று திருப்பிக் கத்தினார். அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது போலிருக்கிறது. கையில் மீனோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அந்த வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தை எழுந்து அழுதது. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷக் கோயில் திருநாளில் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார் என்று பிலோமினா போனில் சொன்னாள். என்னால் போக முடியவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

திருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் அவரே தனியாகப் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, தோள்பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். எனக்குப் பயமாக இருந்தது. "என்ன பிரச்சினை, அண்ணே?"

"இந்த சுவிட்சு."

பெடல் என்றால் மேலே காலால் மிதிக்கிற ஒரு சுவிட்ச் இருக்கும். மிதித்தால் பூஸ்டர் வேலை செய்யும், மறுபடி மிதித்தால் விலகிக்கொண்டு கிட்டாரின் சொந்தச் சத்தம் மட்டும் போகும். எல்லாப் பெடலிலும் அப்படித்தான்.

"ஒர்க் பண்ணல்லையா?"

"நல்லா ஒர்க் பண்ணுது. அன்னைக்கு வாசிச்சிட்டு இருக்கும்போ கால் தட்டி ஆஃப் ஆயிப்போச்சு. ஒரு நிமிஷம் எனக்க பலமில்லாத கை திரும்பி வந்துட்டு." சுவிட்சைப் பெருவிரலால் தொட்டுக் காட்டினார். "இதை எடுத்துரு தங்கச்சி. இதை நான் எதுக்கு நிறுத்தணும்?"

பேட்டரி தீர்ந்துபோகுமே என்று சொல்ல வாயெடுத்தேன். தேவையில்லை, கிட்டார் வயரை உருவினால் பேட்டரியும் துண்டித்துக்கொள்ளும்படிதான் வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து, சுவிட்சை அறுத்தெடுத்து, உள்ளே வயரை நேராக இணைத்தேன். மேலே வட்டமாக ஒரு ஓட்டை நின்றது. அதற்கு ஒரு ரப்பர் மூடி தேடிக் கண்டுபிடித்து அடைத்தேன். அவர் அதை வாங்கி, மூடி இருந்த இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"ம், இதான்," என்று பையில் போட்டுக்கொண்டார்.